கால் நனையாத ஆற்றுக்காரர்

பதுளைப் பக்கம் சிலை வேலை செய்கிற இளவட்டங்கள் இரண்டு பேர் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். அச்சில் வார்த்த பைபர் சாமிகளை லொறியில் இறக்கி, வர்ணம் மட்டும் அடித்துக் கொடுப்பது அவர்கள் தொழில். நல்ல தொழில்தான், முதுகு வலிக்காது. தேத்தண்ணீர் குடித்து முடித்ததும் ஒருவன் கேட்டான்: "பாஸ், ஒங்க சர்வீஸ்லயே ரொம்பக் கஷ்டப்பட்டுச் செஞ்ச செல எது? பத்துத் தல ராவணனா?"

நான் சிரித்த சிரிப்பில் என் மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். சாமி செய்வதில் என்ன கஷ்டம்? மூக்கு கொஞ்சம் கோணிப் போனாலும் பிள்ளையார் வந்து சண்டை பிடிக்கமாட்டார். மனிதனைச் செய்து பாருங்கள். அவன் மகள் வருவாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு வருவாள். ஆற்றங்கரைச் சிலைக் கதையை அன்றைக்கு அவர்களுக்குச் சொன்னேன். சிரித்துச் சிரித்து ஒருவனுக்கு விக்கல் எடுத்துவிட்டது. "எழுதி வைங்க பாஸ்" என்றார்கள், எழுதுகிறேன்.

கொத்து வேலை செய்கிற மேசன்மாரை எங்கள் பக்கம் பாஸ் என்போம். நான் பெரகலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். மலைக்கு வேலைக்குப் போகப் பிடிக்காமல் செபமாலைப் பெரிய பாஸிடம் எடுபிடியாகச் சேர்ந்தேன். மணல் சலித்தேன், கம்பி வளைத்தேன், திட்டு வாங்கினேன், பாஸ் ஆனேன். நான் படித்த படிப்பு அவ்வளவுதான்.

பெரிய பாஸைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும். மனுஷன் வேதக்காரர். கழுத்தில் சிலுவை தொங்கும், கை மாரியம்மனுக்கு மூக்குத்தி பதித்துக்கொண்டிருக்கும். வேலை நேரத்தில் பேசமாட்டார். பூச்சுக் கரண்டியால் காட்டுவார். கரண்டி தண்ணீர் வாளியைப் பார்த்தால் கலவை தண்ணீர் கேட்கிறது, என் தலையைப் பார்த்தால் நான் ஏதோ தவறு செய்திருக்கிறேன். சிலை முடிந்து, ஈரச் சாக்கு போர்த்திக் காயவிட்டு, சாக்கை எடுத்த அன்றைக்கு ஒரு சோதனை வைப்பார். சிலையின் நீட்டிய கையைப் பிடித்துத் தொங்கவேண்டும். மாதா சிலையாக இருந்தால் முதலில் நெற்றியில் சிலுவை போட்டு, "மன்னிச்சுக்க தாயே" என்று சொல்லிவிட்டு என்னைத் தொங்கச் சொல்வார். மாரியம்மனாக இருந்தாலும் அதே சிலுவை, அதே மன்னிப்பு. பயத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு தொங்குவேன். ஒரு கைகூட முறிந்ததில்லை.

மனித முகத்தைக் கண்டு நான் நடுங்கியதற்கும் அவரிடம் இருந்த காலத்தில் நடந்ததுதான் காரணம். ஒரு கணக்கப்பிள்ளை தன் செத்துப்போன தகப்பனுக்கு மார்பளவில் சிலை கேட்டார். படம் இல்லை. "என்னையப் பாத்துச் செய்யுங்க, அப்படியே அவருதான் நான்" என்றார். செய்தோம். கணக்கப்பிள்ளையின் அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்கள். அந்த அம்மா பார்த்தார். சட்டென்று முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "யாருப்பா இந்த ஆளு? இருக்கச் சொல்லு, காப்பித் தண்ணி குடுக்கலாம்" என்றார்.

பெரிய பாஸ் அன்றைக்கு வேலை நேரத்திலேயே பேசினார். "தம்பி, சாமி மூஞ்சிய ஒருத்தனும் பாத்தது கெடையாது. மனுசன் மூஞ்சிய அவன் பொண்டாட்டி பாத்திருக்கா." சொல்லிவிட்டு அந்தச் சிலைக்கு முறுக்கு மீசை வைத்தார், கண்ணை உருட்டினார், கையும் காலும் சேர்த்து அரிவாள் கொடுத்து முனியாண்டி ஆக்கிவிட்டார். இன்றைக்கும் ஹல்துமுல்லைக்குப் போகிற ரோட்டோரம் நிற்கிறது. அந்த வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் கணக்கப்பிள்ளை பயபக்தியாகக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். தான் கும்பிடுவது தன் அப்பா சிலையைத்தான் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நான் மனிதர்கள் பக்கமே போகவில்லை. சாமி, யானை, மயில், மயில் கேட்டவர்களுக்கு மயில் மாதிரி ஒன்று, இப்படியே காலம் ஓடிவிட்டது.

கரண்டியைக் கழுவி வைக்கலாம் என்று நினைத்திருந்த நேரத்தில்தான் ஆற்றங்கரைச் சிலை வந்தது. நான் பெண் எடுத்த தோட்டத்துக்குப் பதுளையிலிருந்து பஸ் ஏறிப் போனால் ஆறு குறுக்கே வரும். இந்தக் கரையில் ஆட்கள் குடியிருக்கும் லயங்கள், அந்தக் கரையில் கொழுந்து மலையும் சின்னப் பிள்ளைகளை விட்டுவைக்கிற பிள்ளைக் காம்பராவும். இப்போது பாலம் இருக்கிறது. பாலம் வருவதற்கு முன்னால், மழைக் காலத்தில், ஆற்றைக் கடத்திவிடுவதற்கென்றே ஒரு கூட்டம் இருந்திருக்கிறது. ஆற்றுக்காரர்கள் என்பார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, மலைக்குப் போகாமல் நேரே ஆற்றில் இறங்குவார்களாம். ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துச் சங்கிலியாக நிற்பார்கள். அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பெண்கள் கடப்பார்கள். சின்னப் பிள்ளைகளை முதுகில் கம்பளியால் கட்டிக்கொண்டு ஆற்றுக்காரர்களில் இருவர் தூக்கிப் போவார்கள். சாயங்காலம் கொழுந்துச் சாக்கும் பிள்ளைகளும் அதே மாதிரி இந்தப் பக்கம் வரும்.

சங்கிலியின் தலையில், ஆற்றின் நடுவில், மார்பளவு தண்ணீரில் நின்றவர் கருப்பையா. ஆஜானுபாகு. வாலில், கரையில், மரவேரைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் சன்னாசி. அவர் தண்ணீரில் இறங்கவேமாட்டார். நிற்கவும் மாட்டார். உட்கார்ந்துகொள்வார். ஒரு கையால் வேர், ஒரு கையால் சங்கிலியின் கடைசி ஆள், அவ்வளவுதான் அவர் வேலை. அதற்கும் முழுப் பேர், முழு நாள் கூலி! சும்மா விடுவார்களா நம் ஆட்கள்? "கால் நனையாத ஆத்துக்காரன்" என்று பட்டம் கட்டிவிட்டார்கள். "சன்னாசிக்குக் குந்தியிருக்கக் கூலி" என்று பாட்டே இருந்ததாம்.

ஆற்றுக்காரர்களுக்குச் சிலை வைக்கவேண்டும் என்று பாலத்தடியில் கூட்டம் போட்டவர் கருப்பையாவின் பேரன் முத்துலிங்கம். தோட்டத்துத் தலைவர். நல்ல மனுஷன், வாய் மட்டும் ஒலிபெருக்கி. ஒரு சிலைக்குத்தான் சீமெந்து இருக்கிறது, ஆகவே கருப்பையா என்று முடிவாயிற்று. "தாத்தா படம் இருக்கு பாஸ்" என்று அவர் படத்தைக் காட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ராசம்மா வந்தாள். சன்னாசியின் ஒரே மகள். பாலம் வந்த வருஷம் பிறந்தவள், கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவள். நான் முன்னாலேயே சொன்னேனே, இடுப்பில் கை.

"பாஸண்ணே, எங்கப்பா எங்க?"

"தங்கச்சி, அது கமிட்டி முடிவு. நான் கரண்டி புடிக்கிறவன்."

"செத்து இத்தன வருசமாச்சு, இன்னும் எங்கப்பாவ வச்சுச் சிரிக்கிறானுக. என் கல்யாணத்துல பந்தியில சிரிச்சானுக. இப்ப ஆத்துக்காரங்க செலன்னு ஒண்ணு வந்து, அதுலயும் அவரு இல்லேன்னா, சிரிச்சது சரின்னு ஆயிரும்ல?"

தலைவரிடம் போய்ச் சொன்னேன். "பாஸ், கால் நனையாத ஆளுக்கு ஆத்தோரம் செல வச்சா ஊரு சிரிக்கும்" என்றார். அவர் சொன்னதும் நியாயம் மாதிரிதான் இருந்தது. ராசம்மா விடவில்லை. தலைவர் எங்கே போனாலும் அங்கே நின்றாள். கோயிலில் நின்றாள், கடையில் நின்றாள், அவர் முடி வெட்டிக்கொண்டிருந்தபோது சலூன் வாசலில் நின்றாள். தலைவர் பாதி வெட்டிய தலையோடு பின்பக்கமாக ஓடினார் என்று கேள்வி. நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் பொன்னாடை போர்த்தியிருப்பேன்.

நான் என் வேலையைத் தொடங்கினேன். ஆற்றோரம் மூங்கில் சாரம் கட்டி, கம்பியால் ஓர் ஆள் உயர எலும்புக்கூடு செய்து, கோழிக்கூட்டு வலை சுற்றி, மழைக்குத் துரு ஏறாமல் சாக்கால் போர்த்தி சாரத்தோடு கட்டியிருந்தேன். அடியில் கொங்கிரீட் போடவேண்டியதுதான் பாக்கி. மத்தியானம் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. ஆறு ஏறியது. கண் முன்னாலேயே சாரத்தைத் தூக்கிவிட்டது. மூங்கில் மிதக்கிறது, மூங்கிலில் கட்டிய கருப்பையாவும் மிதக்கிறார்! மல்லாக்கப் படுத்தபடி, ஒரு கையை வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டு, ஏதோ ஊருக்குப் போகிறவர் மாதிரி போய்க்கொண்டிருந்தார். நாங்கள் கரையோரம் ஓடினோம். தலைவர் "தாத்தா! தாத்தா!" என்று கத்திக்கொண்டு ஓடினார். கீழே சிங்களக் கிராமத்தில் தோட்டம் கொத்திக்கொண்டிருந்த பண்டா ஐயா சாக்குச் சுற்றிய உருவத்தைப் பார்த்துவிட்டு, "மினிஹெக்! மினிஹெக்!" என்று அலறினார். ஓர் ஆள், ஓர் ஆள் என்று அர்த்தம். கிராமமே கயிறும் கம்புமாக ஓடிவந்தது. "ஆள் இல்லை, சிலை" என்று சிங்களத்தில் நான் விளக்குவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. விளங்கியதும் அவர்கள் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம், தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. கருப்பையா ஆற்று நடுவில் ஒரு பாறையில் போய்ச் சாய்ந்துகொண்டார்.

மறுநாள் காலை தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. ஆனாலும் இழுப்பு இருந்தது. கயிறு வீசிப் பார்த்தோம், சிக்கவில்லை. அப்போதுதான் யாரோ சொன்னார்கள், "சங்கிலி போடுங்கடா" என்று. திரீவீல் ஓட்டுகிற பையன்கள், கொழும்புக் கடைகளிலிருந்து லீவில் வந்தவர்கள், கொழுந்தெடுக்கிற பெண்கள், பண்டா ஐயாவின் இரண்டு மகன்கள், எல்லாரும் மணிக்கட்டைப் பிடித்தார்கள். "தாத்தாவ நாந்தான் தூக்குவேன்" என்று தலைவர் சங்கிலியின் தலையில் போனார். வாலில் மரத்தைப் பிடித்து நின்ற பையன் தண்ணீர் இழுத்த முதல் இழுப்பிலேயே சேற்றில் வழுக்கி விழுந்தான். சங்கிலி முழுக்க ஆடியது. தலைவர் ஒரு முங்கு முங்கி எழுந்தார்.

"தள்ளுடா" என்று ஒரு குரல். ராசம்மா. வேரடியில் தொப்பென்று உட்கார்ந்தாள். இரண்டு காலையும் பாறையில் உதைத்து முட்டுக் கொடுத்தாள், ஒரு கையை வேருக்குள் முழங்கைவரை விட்டு வளைத்தாள், மறு கையால் கடைசிப் பையனின் மணிக்கட்டைப் பிடித்தாள். சங்கிலி நின்றது. ஒரு ஆட்டம் இல்லை. உட்கார்ந்தால்தான் அது நிற்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

தலைவர் பாறையை எட்டி, எலும்புக்கூட்டை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். "இழுங்க!" என்று கத்தினார்.

ராசம்மா இழுக்கவில்லை. சாவகாசமாகக் கேட்டாள்: "தம்பி முத்துலிங்கம்! எங்கப்பாவுக்குச் செல உண்டா, இல்லியா?"

"அக்கா! இதுக்கு இதாக்கா நேரம்?"

"வேற எந்த நேரத்துலயும் நீ நிக்க மாட்டேங்கிறியே!"

"வைக்கிறேன்க்கா! சத்தியமா வைக்கிறேன்!"

"யாரு மேல சத்தியம்?"

தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தண்ணீர், பாறை, எலும்புக்கூடு. "இந்தா, எங்க தாத்தா மேல!" என்று கருப்பையாவின் கம்பித் தலையில் அடித்தார்.

கரையில் எழுந்த சிரிப்பில் ஆற்றுச் சத்தம் கேட்கவில்லை. சங்கிலியில் நின்றவர்களும் சிரித்ததில் இன்னொரு தடவை எல்லாரும் முங்கப் பார்த்தார்கள். ராசம்மா இழுத்தாள். கரையேறிய தலைவர் அவள் காலடியில் நீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்து, "நெசமாவே கைய விட்டிருப்பியாக்கா?" என்று கேட்டார். "விடுவேனா? நான் சன்னாசி மக" என்றாள் அவள். தலைவர் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பிடித்த கையை அவர் தண்ணீரில் உணர்ந்திருக்கவேண்டும்.

சீமெந்து போதவேண்டுமே என்று கருப்பையாவின் உயரத்தில் ஒரு சாண் குறைத்தேன். தலைவர் பார்த்தும் பார்க்காதது மாதிரி போனார். கருப்பையா ஆற்றுப் பக்கம் சாய்ந்து ஒரு கையைப் பின்னால் நீட்டியபடி. சன்னாசி கரையில் உட்கார்ந்து ஒரு கையை முன்னால் நீட்டியபடி. நடுவில் வெற்றிடம். "நடுவுல நின்னவங்க எங்க?" என்று அவர்கள் வீட்டார் கேட்டார்கள். "நடுவுல நாம நிப்போம், நம்மதானே அவங்க பிள்ளைங்க" என்றார் தலைவர். ஒலிபெருக்கியிலும் சில நேரம் நல்ல பாட்டு வரும்.

எல்லாம் சரி, சன்னாசிக்கு முகம்? படம் கிடையாது. கணக்கப்பிள்ளையின் அம்மா இழுத்துப் போட்ட முந்தானை எனக்குக் கனவில் வரத் தொடங்கிவிட்டது. ஆற்றுக்காரர்களில் உயிரோடு இருந்தவர் வெள்ளையன் தாத்தா ஒருவர்தான். அவரிடம் போனேன். "அவன் எனக்குப் பின்னாடி இருந்தவன்ப்பா. எல்லாரும் ஆத்தப் பாத்துல்ல நிப்போம்? அவன் கையத் தெரியும். லயத்துல பாத்த மூஞ்சி மறந்துபோச்சு, ஆத்துல அவன் மூஞ்சி யாருக்குத் தெரியும்?" என்றார்.

ராசம்மாவுக்குத் தெரிந்த முகம் வீட்டு முகம். "சிரிக்கவே மாட்டாரு. பேச மாட்டாரு. கம்பீரமா வைங்க" என்றாள். அப்படியே தொடங்கினேன். முகத்தை ஒரே நாளில் முடிக்கவேண்டும். நெற்றி, மூக்கு, கன்னம், கண், கடைசியில் வாய். வாய்தான் ஆளை ஆளாக்கும். சீமெந்து இறுகிவிட்டால் வெட்டித்தான் எடுக்கவேண்டும்.

வாய்க்கு வந்த நேரத்தில் செல்லம்மாக்கா தடியை ஊன்றிக்கொண்டு பாலத்தடிக்கு வந்தார். எழுபதைத் தாண்டியவர். சிலையைப் பார்த்தார். "இது யாரு? சன்னாசியண்ணனா? நாக்கு எங்க?" என்றார்.

"நாக்கா?"

"நாக்கத் துருத்திக்கிட்டு, கண்ண உருட்டிக்கிட்டுல்ல இருப்பாரு!"

ராசம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "யக்கா, செலையில வந்தும் எங்கப்பாவக் கோமாளியாக்கணுமா ஒங்களுக்கு?"

செல்லம்மாக்கா கல்லில் உட்கார்ந்தார். "கோமாளியா? அடியே, ஒனக்குத் தெரியாது. நீ பாலத்துல நடந்தவ. எங்கள முதுகுல கட்டித் தூக்குவாங்க. தூக்குறவன் அந்தக் கரையப் பாப்பான், நாங்க இந்தக் கரையப் பாத்துக்கிட்டுப் போவோம். கீழ தண்ணி கொதிக்கும். பயத்துல ஒரு பிள்ள ஒதறுனா போதும், தூக்குறவன் கால் தவறிரும். அப்பப் பாத்தா, வேரடியில குந்திக்கிட்டு ஒங்கப்பா நாக்க நீட்டுவாரு. கண்ணு ரெண்டும் வெளிய வந்துரும். நாங்க அழுகைய மறந்துட்டு நாக்க நீட்டுவோம். அவரு இன்னும் நீட்டுவாரு. அப்படியே அக்கரை வந்துரும்."

அதற்குள் வேறு சிலரும் வந்து சேர்ந்திருந்தார்கள். எல்லாரும் தலை நரைத்தவர்கள். ஒருவர் "ஆமா, இடது கண்ண மட்டும் மூடுவாரு" என்றார். இன்னொருவர் "காது ஆடும்!" என்றார். வாலில் இருந்தவரின் முகத்தைப் பார்த்தவர்கள் பிள்ளைகள் மட்டும்தான். அவர்களை யாரும் கேட்கவே இல்லை.

ராசம்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான், ஆனால் என் அவசரம் வேறு. "தங்கச்சி, அழு, நல்லா அழு, ஆனா சீக்கிரம் முடிவு சொல்லு. சீமெந்து இறுகுது!"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். செல்லம்மாக்காவைத் திரும்பிப் பார்த்து, "நாக்கு எவ்வளவு நீளம்?" என்று கேட்டாள்.

அப்போது தொடங்கிய சண்டை இருக்கிறதே! தாடைவரை என்றார் ஒருவர், தாடைக்குக் கீழே என்றார் இன்னொருவர். ஆளாளுக்கு நாக்கை நீட்டி அளவு காட்டினார்கள். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நாக்காகப் பார்த்தேன். என் ஐம்பது வருஷத் தொழிலில் இத்தனை மாதிரிகள் எனக்குக் கிடைத்ததில்லை. காதை மட்டும் ஆட வைக்க முடியவில்லை.

திறப்பு விழாவுக்குப் பதுளையிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். மாலை, மங்கள வாத்தியம், விளக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தது. கருப்பையாவின் துணியைத் தலைவர் இழுத்தார், கைதட்டினார்கள். சன்னாசியின் துணியை ராசம்மா இழுத்தாள். மேடையில் இருந்தவர்களுக்கு முகம் மாறியது. பிரதம விருந்தினர் தன் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், அவர் என்னைப் பார்த்தார். வாத்தியம் நின்றுவிட்டது. ஆற்றுக்காரர் நினைவுச் சிலை ஒன்று பெரியவர்களைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. ஓடுவதற்கு எந்தப் பக்கம் வழி இருக்கிறது என்று பார்த்தேன்.

முன்வரிசையில் செல்லம்மாக்கா தடியை ஊன்றி எழுந்தார். சிலையை நேராகப் பார்த்தார். நாக்கை நீட்டினார். பக்கத்தில் இருந்தவர் எழுந்தார், நீட்டினார். பிறகு ஒருவர், பிறகு இன்னொருவர், முன்வரிசை முழுக்கப் பேரன் பேத்தி எடுத்த மனிதர்கள், கண்ணை உருட்டிக்கொண்டு, கன்னத்தில் தண்ணீர் வழிய, நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். வெள்ளையன் தாத்தா மட்டும் தட்டுத்தடுமாறிச் சிலைக்கு முன்னால் வந்து, தன்னை அத்தனை வருஷம் பிடித்திருந்த ஆளின் ஆற்று முகத்தை முதல் தடவையாகப் பார்த்து, "அட பாவி, இதுக்காடா பிள்ளைக சிரிச்சுச்சுக?" என்றார்.

ராசம்மா துணியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி அப்பாவின் எதிரில் நின்றாள். வீட்டில் ஒருநாளும் காணாத முகம் அது. சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தாள். வெட்கப்பட்டாள். பிறகு, அறுபது வயதுக்காரி, தன் அப்பாவுக்கு மெதுவாக நாக்கை நீட்டினாள்.